கம்பியைத் தொட்டால் அடங்கும் இரைச்சல்

ஆசிரியர் தினத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. பள்ளி முடிந்து அறிவியல் கூடத்தைப் பூட்டிக்கொண்டிருந்தேன். படிவம் 4 மாணவன் ஒருவன் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"டீச்சர், பேஸ் கித்தார்ல ஒரே இரைச்சல். கொஞ்சம் வந்து பார்க்கறீங்களா?"

எனக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது. சுருதி விலகினால்கூடப் பக்கத்தில் இருப்பவர் முகம் சுளிப்பதைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பேன். இசைக்குழுவின் பொறுப்பாசிரியரைக் கேட்கச் சொன்னேன். "கேட்டுட்டேன் டீச்சர். இது இசை இல்ல, ஃபிசிக்ஸ், உங்ககிட்டப் போன்னு சொல்லிட்டாரு" என்றான். இப்படிச் சொன்ன பிறகு எந்த இயற்பியல் ஆசிரியர் வீட்டுக்குப் போவார்?

இசை அறை வாசலில் காலணிகளைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். கூரையில் நான்கு குழல் விளக்குகள். மூலையில், யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விற்றுவிட்டுப் போன ஓர் ஆம்ப். பையன் இணையத்தில் மலிவாகப் பிடித்தது. சுவிட்சைத் தட்டியதும் "ம்ம்ம்ம்" என்று ஓர் உறுமல், அதன் மேல் "ஸ்ஸ்ர்ர்" என்று ஒரு கரகரப்பு. அவன் கம்பிகளின் மேல் கையை வைத்தான். இரைச்சல் சட்டென்று குறைந்தது. கையை எடுத்தான். திரும்ப வந்தது.

"பாத்தீங்களா டீச்சர்? கையை எடுக்காம வாசிச்சா சமாளிச்சிடலாம். ஆனா பாட்டு முடிஞ்சு கை தட்டுவாங்கள்ல, அப்பத்தான் மானம் போகுது."

அந்தக் கையை வைத்தால் குறையும் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். அதுதான் இந்தக் கட்டுரையை எழுதவே வைத்தது. அதற்கு முன் உங்கள் வீட்டில், தேவாலய இசைக்குழுவில், திருமண விருந்துகளில் வாசிக்கும் உங்கள் நண்பரின் குழுவில் ஒரு பேஸ் கித்தார் இரைந்துகொண்டிருந்தால், எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று பார்ப்போம்.

முதலில் வயரைக் கழற்றுங்கள்

இரைச்சல் என்று எல்லாரும் சொல்லும் சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத இரண்டு கோளாறுகள் இருக்கின்றன. ஒன்று மரமும் கம்பியும் சம்பந்தப்பட்டது. மற்றது மின்சாரம் சம்பந்தப்பட்டது. இரண்டையும் பிரிக்க எந்தக் கருவியும் வேண்டாம். ஆம்பிலிருந்து கித்தாரின் வயரைக் கழற்றிவிட்டு, அமைதியான அறையில் ஒவ்வொரு கம்பியாக மீட்டுங்கள். "ட்ஸ்ர்ர்" என்ற சத்தம் அப்போதும் கேட்டால், அது கம்பி எதன் மீதோ உரசும் சத்தம். மின்சாரத்தைத் திட்டிப் பயனில்லை.

பேஸ் கம்பி தடிமனானது. மற்றக் கித்தார்க் கம்பிகளைவிட அகலமாக அதிரும். கழுத்தில் பதித்திருக்கும் உலோகக் கட்டைகளில், அதாவது ஃப்ரெட்டுகளில், ஏதாவது ஒன்றில் அது பட்டால் உரசல் கேட்கும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் கேட்டால், அதற்கு அடுத்த ஃப்ரெட் கொஞ்சம் தூக்கி நிற்கலாம். முதல் நான்கைந்து ஃப்ரெட்டுகளில் எல்லாக் கம்பியும் உரசினால், கழுத்து தேவைக்கு அதிகமாக நேராகிவிட்டது என்று பொருள். கழுத்துக்குச் சற்றே உட்குழிவு வேண்டும். கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் பாருங்கள். ஒரு பெயரட்டை நுழையும் அளவு இடைவெளி இருந்தால் பெரும்பாலும் சரி. இடைவெளியே இல்லையென்றால் கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியைத் தளர்த்த வேண்டும். அதை ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். பழக்கமில்லை என்றால் கித்தார் கடைக்குக் கொண்டு போய்விடுங்கள்.

நம் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மரம் ஈரத்தைக் குடிக்கும், காய்ந்தால் விட்டுவிடும். பகலெல்லாம் வெக்கையான அறையிலும், மாலையில் குளிர்சாதன அறையிலும் மாறி மாறி இருக்கும் கித்தாரின் கழுத்து மெல்ல வளைந்து நிமிர்ந்துகொண்டே இருக்கும். போன மாதம் சரி செய்தது இந்த மாதம் உரசுகிறதே என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

வயரைக் கழற்றியதும் சத்தமே இல்லையா? அப்படியானால் விஷயம் என் பாடத்துக்குள் வந்துவிட்டது.

கித்தாருக்குள் ஓர் ஆண்டெனா

1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டது ஒன்றுதான்: ஒரு கம்பிச்சுருளை ஊடுருவும் காந்தப்புலம் மாறினால், அந்தச் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். மிதிவண்டி டைனமோ முதல் மின்நிலையம் வரை எல்லாம் இதே கதை. மின்கித்தாரும் அதுதான். கம்பிகளுக்குக் கீழே இருக்கும் கறுப்புப் பெட்டியைப் பிக்கப் என்பார்கள். அதற்குள் ஒரு காந்தம். அதைச் சுற்றி, தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியில் ஆயிரக்கணக்கான சுற்றுகள். மேலே இருக்கும் எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. சுருளில் சின்னஞ்சிறு மின்னழுத்தம் பிறக்கிறது. அதை ஆம்ப் பல மடங்கு பெருக்குகிறது. நைலான் கம்பி போட்டால் இந்தப் பிக்கப் ஊமையாகிவிடும். நைலானைக் காந்தம் சட்டை செய்வதில்லை.

சிக்கல் என்னவென்றால், சுருளுக்கு எஃகுக் கம்பி அசைத்த காந்தப்புலம் எது, பக்கத்துக் குழல் விளக்கு உண்டாக்கிய காந்தப்புலம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஓடுகிறது. அது ஓடும் ஒவ்வொரு வயரைச் சுற்றியும், ஒவ்வொரு மின்மாற்றியைச் சுற்றியும் 50 ஹெர்ட்ஸில் துடிக்கும் காந்தப்புலம் இருக்கிறது. பிக்கப் அதையும் கேட்கிறது. ஆம்ப் அதையும் பெருக்குகிறது.

அந்த "ம்ம்ம்ம்" அதுதான். அதன் மேல் வரும் கரகரப்பு எங்கிருந்து? பழைய வகைக் குழல் விளக்கு, பலர் கலிமந்தாங் என்று சொல்லும் அதே விளக்கு, நொடிக்கு 100 முறை அணைந்து எரிகிறது. விளக்கை மங்கலாக்கும் டிம்மர் சுவிட்ச் இன்னும் மோசம். அது மின்னோட்டத்தின் வழவழப்பான அலையை ஒவ்வொரு சுற்றிலும் கத்தியால் வெட்டுவதுபோல் வெட்டிவிடுகிறது. அலையின் விளிம்பு எவ்வளவு கூர்மையோ, அவ்வளவு உயர்ந்த அதிர்வெண்கள் அதில் கலந்திருக்கும்: 150, 200, 250 என்று மேலே மேலே. அதனால்தான் உறுமல் கரகரப்பாக மாறுகிறது. காதால் கேட்டே ஓரளவு சொல்லலாம். வெறும் உறுமல் என்றால் மின்மாற்றியோ வயரோ. கரகரவென்று இருந்தால் விளக்கோ டிம்மரோ மலிவான சார்ஜரோ. ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். எங்கள் இசை அறையில் குழல் விளக்குகளை அணைத்ததும் கரகரப்பில் பாதி போய்விட்டது. உறுமல் அப்படியே இருந்தது.

உறுமலின் சுருதி

இதை ஒரு சோதனையாகச் செய்து பார்க்கலாம். எனக்கு இதில் ஒரு குழந்தைத்தனமான மகிழ்ச்சி. பேஸ் கித்தாரின் நான்கு கம்பிகள் ஈ, ஏ, டி, ஜி. அவற்றின் அதிர்வெண்கள் ஏறத்தாழ 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ். மின்சார உறுமல் 50. அதன் இரட்டிப்பு 100. அதாவது நம் நாட்டு மின்சாரம் ஜி சுருதிக்குப் பக்கத்தில், கொஞ்சம் மேலே நின்று பாடுகிறது!

உறுமல் கேட்கும்போதே ஜி கம்பியைத் திறந்தபடி மீட்டுங்கள். 98-உம் 100-உம் ஒன்றோடொன்று மோதும். ஒரு கணம் இரண்டும் சேர்ந்து உரக்கும், மறு கணம் ஒன்றையொன்று தின்று அடங்கும். நொடிக்கு இரண்டு முறை "வா... வா... வா" என்று ஒலி ஏறி இறங்கும். இதை விம்மல் என்போம். 100 கழித்தல் 98, விடை 2. கடிகாரத்தைப் பார்த்து எண்ணியே மின்சாரத்தின் அதிர்வெண்ணைச் சரிபார்த்துவிடலாம். பையன் எண்ணினான். பத்து நொடியில் இருபது வந்தது. கம்பி சரியாகச் சுருதி கூட்டப்பட்டிருந்தது என்பதும் அதிலேயே தெரிந்தது. அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அங்கே இந்தச் சோதனை ஜி கம்பியில் எடுபடாது.

அடுத்து, கித்தாரின் ஒலியளவுக் குமிழ்களை முழுக்கக் குறையுங்கள். இரைச்சல் மறைந்தால், அது பிக்கப் வழியாகத்தான் வருகிறது. குமிழ் பூஜ்யத்தில் இருந்தும் இரைச்சல் அப்படியே இருந்தால், குற்றவாளி கித்தார் இல்லை. ஆம்பையோ, இணைப்பு வயரையோ, மின் இணைப்பையோ பார்க்க வேண்டும். எங்கள் வழக்கில் குமிழைக் குறைத்ததும் கொஞ்சம் குறைந்தது; ஆனால் போகவில்லை. ஆக, குற்றவாளி ஒருவர் இல்லை.

சுழலும் நாற்காலிச் சோதனை

கித்தாரோடு ஒரு சுழலும் நாற்காலியில் உட்கார்ந்து மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். பிக்கப் வழியாக வரும் இரைச்சல் என்றால் அது ஏறி இறங்கும். காந்தப்புலக் கோடுகள் சுருளுக்குள் நேராக நுழையும்போது இரைச்சல் உச்சம். சுருளின் அச்சு அந்தக் கோடுகளுக்குச் செங்குத்தாக நிற்கும்போது கோடுகள் சுருளை ஊடுருவாமல் பக்கத்தில் கடந்துபோகும். இரைச்சல் கிட்டத்தட்டக் காணாமல் போகும். இந்த ஊமைக் கோணம் எங்கே என்று தெரிந்துவிட்டால், எந்தப் பக்கத்திலிருந்து தொல்லை வருகிறது என்பதையும் ஓரளவு ஊகிக்கலாம். இரண்டு அடி தள்ளிப் போனாலே பெரிய வித்தியாசம் தெரியும். பலர் ஆம்புக்கு மேலேயே சாய்ந்துகொண்டு வாசிக்கிறார்கள். ஆம்புக்குள் ஒரு மின்மாற்றி உட்கார்ந்திருப்பதை மறந்துவிடுகிறார்கள்.

திரும்பி உட்காராமலேயே இந்த உறுமலை ஒழிக்க முடியாதா என்று கேட்டவர்கள் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே இருந்தார்கள். 1950-களின் நடுவில் கிப்சன் நிறுவனப் பொறியாளர் செத் லவர் ஒரு வழி கண்டார். ஒரு சுருளுக்குப் பதில் இரண்டு. ஒன்று வலமாகச் சுற்றியது, மற்றது இடமாக. வெளியிலிருந்து வரும் உறுமல் இரண்டிலும் நேரெதிர் மின்னழுத்தங்களை உண்டாக்கும், கூட்டினால் பூஜ்யம். அப்படியென்றால் கம்பியின் இசையும் சேர்ந்து செத்துவிடாதா? அங்கேதான் அழகு. ஒரு சுருளின் காந்தத்தைத் தலைகீழாக வைத்துவிட்டார். இசைக்கு இரண்டு முறை திசை மாறுகிறது, அதாவது மாறவே இல்லை. உறுமலுக்கு ஒரு முறைதான் மாறுகிறது. எதிர்மறையை எதிர்மறையால் பெருக்கினால் நேர்மறை என்று படிவம் 1-இல் படித்தீர்களே, அதை அவர் செம்புக் கம்பியில் எழுதிக் காட்டினார்.

பேஸ் கித்தாரில் இதே உத்தி கொஞ்சம் வேறு மாதிரி வந்தது. 1951-இல் பிரிசிஷன் பேஸ் என்ற மின் பேஸ் கித்தாரைக் கொண்டுவந்தவர் லியோ ஃபெண்டர். கலிஃபோர்னியாவில் வானொலிப் பெட்டிகள் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர். அவருக்கும் கித்தார் வாசிக்கத் தெரியாது. (எனக்கு இது எவ்வளவு ஆறுதல் என்று சொல்ல வேண்டியதில்லை.) அந்த முதல் பேஸில் ஒற்றைச் சுருள்தான். 1957-இல் அதை இரண்டாகப் பிளந்தார்கள். ஈ, ஏ கம்பிகளுக்கு ஒரு பாதி. டி, ஜி கம்பிகளுக்கு மறு பாதி. இரண்டும் எதிரெதிராகச் சுற்றப்பட்டவை. இன்றும் பிரிசிஷன் வகைப் பேஸின் நடுவில் இரண்டு துண்டுகள் மேலும் கீழுமாக விலகி இருப்பதைப் பார்க்கலாம்.

1960-இல் வந்த ஜாஸ் பேஸில் இரண்டு முழு நீளப் பிக்கப்புகள். தனித்தனியே ஒற்றைச் சுருள். ஆனால் ஒன்றுக்கொன்று எதிரானவை. இரண்டு குமிழ்களையும் முழுக்கத் திறந்தால் உறுமல் அடங்கிவிடும். ஒன்றைக் குறைத்தால் சமநிலை கெட்டு உறுமல் தலைகாட்டும். கெட்டுப்போன பேஸ் என்று இதைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அது கோளாறே இல்லை. நம் பையன் வைத்திருந்ததும் ஜாஸ் வகையின் மலிவான நகல்தான். இரண்டையும் திறந்தோம், உறுமலில் ஒரு பங்கு போனது. "ஆனா பின்னாடி பிக்கப் மட்டும் வச்சாத்தான் சத்தம் நல்லா இருக்கு டீச்சர்" என்றான். ரசனை விஷயத்தில் நான் தலையிடவில்லை.

இந்த இடத்தில் சில சில்லறை விஷயங்களைச் சொல்லி முடித்துவிடுகிறேன். குமிழைத் திருப்பும்போது மட்டும் "கர்ர்" என்றால் உள்ளே தூசு. மின்தொடர்பைத் துடைக்கும் ஸ்பிரே போதும். வயரை ஆட்டும்போது இரைந்தால் வயர் அல்லது ஜேக். கித்தாருக்கும் ஆம்புக்கும் இடையே போகும் வயரில், நடுக் கம்பியைச் சுற்றி வலைபோல ஓர் உறை உண்டு. வெளித் தொல்லையை அது தடுத்துவிடும். ஸ்பீக்கருக்குப் போகும் வயர் பார்க்க அதே மாதிரி இருந்தாலும் அதில் இந்த உறை கிடையாது. அதை மாற்றிச் செருகினால் உறுமல் உறுதி. பேட்டரி போட்ட பேஸ் என்றால், ஒலி திடீரென்று உடைந்து கரகரத்தால் முதலில் 9 வோல்ட் பேட்டரியை மாற்றுங்கள். வாசித்து முடித்ததும் வயரைக் கழற்றிவிட வேண்டும். செருகி இருக்கும்வரை பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

கையை வைத்தால் ஏன் குறைகிறது?

இனி, நான் ஒதுக்கி வைத்த விஷயம்.

நம் உடம்பு உப்புத் தண்ணீர் நிறைந்த ஒரு பை. சுவரில் ஓடும் மின்சாரத்தின் மின்புலத்தை அது ஓர் ஆண்டெனா போல வாங்கி, பக்கத்தில் இருக்கும் கித்தாருக்குக் கடத்துகிறது. கித்தாரின் கம்பிகள், அவை பூட்டியிருக்கும் பிரிட்ஜ் என்ற உலோகத் தகடு வழியாக, ஒரு சிறு வயரால் ஜேக்கின் உறைப் பக்கத்தோடு இணைந்திருக்கும். அங்கிருந்து இணைப்பு வயரின் உறை, அங்கிருந்து ஆம்பின் உலோகச் சட்டகம், அங்கிருந்து மூன்று முள் பிளக்கின் எர்த் முள், அங்கிருந்து கட்டடத்தின் எர்த் கம்பி, கடைசியில் மண். நீங்கள் கம்பியைத் தொட்டதும் உங்கள் உடம்பும் மண்ணோடு இணைகிறது. ஆண்டெனாவாக இருந்த உடம்பு இப்போது கேடயம். இரைச்சல் கொஞ்சம் குறையும். இது இயல்பு. பெரும்பாலான கித்தார்களில் இப்படித்தான்.

கம்பியைத் தொட்டால் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் ஜேக்கின் உலோகத்தைத் தொட்டால் குறைகிறது என்றால், பிரிட்ஜுக்குப் போகும் வயர் அறுந்திருக்கிறது. மல்டிமீட்டரில் பிரிட்ஜுக்கும் ஜேக்கின் உறைப் பக்கத்துக்கும் இடையே மின்தடையை அளந்தால், பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். தொட்டதும் இரைச்சல் கூடினால், ஜேக்கில் இரண்டு வயர்களும் இடம் மாறிப் பற்றவைக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். இரண்டும் சோல்டர் வேலை. பத்து நிமிடத்தில் முடியும்.

ஆனால் எங்கள் பையனின் பேஸில் குறைந்தது கொஞ்சம் அல்ல. கையை எடுத்தால் கத்தல், வைத்தால் கிட்டத்தட்ட அமைதி. எனக்கு அது இடித்தது. அவனிடம் சும்மா கேட்டேன்: "தொடும்போது கையில ஏதாவது தெரியுதா?"

"லேசா சுர்ருனு இருக்கும் டீச்சர். பழகிடுச்சு."

நான் முதலில் செய்தது சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தது. பிறகுதான் பிளக்கைப் பார்த்தேன். வட்டமான இரண்டு முள். ஐரோப்பாவில் பயன்படுத்தும் வகை. அதற்கு எர்த் இல்லாமல் இல்லை; பிளக்கின் இரு பக்கங்களிலும் உலோகப் பட்டையாக இருக்கிறது. அங்குள்ள சாக்கெட்டில் செருகினால் பட்டை அதற்கான பிடியைத் தொடும். நம் ஊர்ச் சாக்கெட்டில் அந்தப் பிடி கிடையாது. நம் எர்த் மேலே இருக்கும் மூன்றாவது துளையில். அந்தத் துளையில் நுழையும் முள் மற்ற இரண்டையும்விட நீளமானது. அதுதான் முதலில் உள்ளே போய் எர்த்தைப் பிடிக்கும். கூடவே மற்ற இரண்டு துளைகளை மூடியிருக்கும் தடுப்பையும் திறந்துவிடும். எர்த் இல்லாமல் மின்சாரம் இல்லை என்பதற்காகவே செய்யப்பட்ட ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டை என்ன செய்கிறோம்? மேல் துளையில் பேனாவை விட்டுத் தடுப்பைத் திறந்து, இரண்டு முள் பிளக்கை அமுக்கிவிடுகிறோம். நானும் செய்திருக்கிறேன், மறைக்கவில்லை. கைத்தொலைபேசி சார்ஜர் போன்ற சிறு பொருள்கள் பலவற்றில் இரட்டைக் காப்பு இருக்கும். சதுரத்துக்குள் சதுரம் என்ற குறி போட்டிருப்பார்கள். எர்த் இல்லாமலே இயங்கும்படி செய்யப்பட்டவை அவை. அவற்றுக்கும் பேனா வேலை சரியல்ல, தகுந்த அடாப்டர் வேண்டும். ஆனால் உலோகச் சட்டகம் உள்ள ஆம்புக்கு எர்த் வயர்தான் உயிர். மலிவான பயண அடாப்டர்கள் பலவும் இந்த ஐரோப்பிய பிளக்கை வாங்கிக்கொள்ளும், எர்த்தை மட்டும் இணைக்காது. பார்த்தால் மூன்று முள் இருக்கும், ஆனால் ஒன்று அலங்காரம்.

இப்போது அந்தச் சுர்ருக்குக் காரணம் புரிந்திருக்கும். எர்த் இல்லாத ஆம்பின் சட்டகத்தில், உள்ளே இருக்கும் மின்மாற்றி, வடிகட்டிகள் வழியாகக் கொஞ்சம் மின்னோட்டம் கசிந்து வந்து நிற்கும். அது இறங்க வழியில்லை. சட்டகத்தோடு இணைந்த கித்தார்க் கம்பிகளும் அதே நிலையில். காலுறை மட்டும் போட்டு சிமெண்டுத் தரையில் நிற்கும் ஒரு பையன் அதைத் தொடுகிறான். கசிவு அவன் வழியாகத் தரைக்கு இறங்குகிறது, இரைச்சல் அடங்குகிறது. எர்த் வயர் செய்ய வேண்டிய வேலையை மூன்று வாரமாக அவன் உடம்பு செய்துகொண்டிருந்தது.

கசிவு மட்டும் என்றால் சுர்ரோடு போகும். ஏறத்தாழ 1 மில்லி ஆம்பியரில்தான் நமக்கு உணர்வே தெரியும். ஆனால் உள்ளே ஒரு வயரின் உறை தேய்ந்து சட்டகத்தைத் தொட்டுவிட்டால்? எர்த் இருந்திருந்தால் அந்த நொடியே ஃபியூஸ் போகும், அல்லது இ.எல்.சி.பி. விழும். எர்த் இல்லாதபோது ஒன்றும் நடக்காது. ஆம்ப் வழக்கம்போலப் பாடும். கித்தாரின் நான்கு கம்பிகளிலும் 230 வோல்ட் காத்துக்கொண்டிருக்கும். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் கைத் தசைகள் இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகலாம். பேஸ் வாசிப்பவரின் இடக்கை ஏற்கெனவே கழுத்தைச் சுற்றிப் பிடித்திருக்கிறது. 30-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பே தடுமாறக்கூடும். வீட்டுச் சாக்கெட்டுகளைக் காக்கும் இ.எல்.சி.பி. 30 மில்லி ஆம்பியரில் விழும்படி வைத்திருப்பது அதனால்தான். அதில் இருக்கும் சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அமுக்கிப் பாருங்கள். கடைசியாக எப்போது அமுக்கினீர்கள்?

மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். 1972 மே 3 அன்று, வேல்ஸின் சுவான்சி நகரில் ஒரு மேடை. ஸ்டோன் த குரோஸ் என்ற ஸ்காட்லாந்து இசைக்குழுவின் கித்தார்க் கலைஞர் லெஸ் ஹார்வி, ஒரு கையில் கித்தாரோடு மறு கையால் ஒலிவாங்கியைத் தொட்டார். எர்த் இணைப்பு சரியில்லை. கூட்டத்தின் முன்னாலேயே மின்சாரம் தாக்கி உயிர் போனது. அவருக்கு வயது 27. கித்தார் ஒரு கையில், ஒலிவாங்கி வாயருகில்: மேடையில் பாடிக்கொண்டே வாசிக்கும் எவரும் நிற்கும் நிலைதான் அது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இரைச்சலைப் போக்க எர்த் முள்ளைத் துண்டித்துவிடு என்ற யோசனை இசைக்காரர்களிடையே இன்றும் சுற்றுகிறது. அதில் ஒரு துளி உண்மை இருப்பதுதான் ஆபத்து. ஆம்பையும் மடிக்கணினியையும் வெவ்வேறு சாக்கெட்டுகளில் செருகி, இரண்டையும் ஒரு வயரால் இணைத்தால், எர்த் பாதை ஒரு பெரிய வளையமாகிவிடும். அந்த வளையமே ஒரு சுற்றுள்ள சுருள்போல உறுமலை வாங்கும். எர்த்தைத் துண்டித்தால் வளையம் உடையும், உறுமல் போகும். கூடவே பாதுகாப்பும் போகும். சரியான வழி, எல்லாவற்றையும் ஒரே இணைப்புப் பலகையில் செருகுவது. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பார்ப்பது. அப்படியும் போகவில்லை என்றால், டி.ஐ. பெட்டி என்ற சிறு பெட்டியை இடையில் வைப்பது. ஒலி செல்லும் வயரின் உறையை மட்டும் அதில் துண்டிக்கலாம். மின் பிளக்கின் எர்த்தைத் தொடவே வேண்டாம்.

ஆம்பைத் திறந்து பார்க்கும் ஆசையும் வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் மின்தேக்கிகள் மின்னேற்றத்தைப் பிடித்து வைத்திருக்கும். வால்வு போட்ட பழைய ஆம்புகளில் அது சில நூறு வோல்ட். நான் இயற்பியல் ஆசிரியை. நானே திறக்க மாட்டேன்.

பையனின் ஆம்புக்குத் திறக்க வேண்டிய தேவையும் வரவில்லை. பின்னால் பார்த்தோம், 220 முதல் 240 வோல்ட் என்று எழுதியிருந்தது, நம் மின்சாரத்துக்குப் பொருத்தம். மின் வயர் கழற்றக்கூடியது, மேசைக் கணினிக்குச் செருகுவோமே அதே வடிவம். கூடத்திலிருந்து மூன்று முள் பிளக்கோடு, சிரிம் முத்திரை உள்ள வயர் ஒன்றைக் கொண்டுவந்தேன். சுவரில் செருகுவதற்கு முன் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பிளக்கின் எர்த் முள்ளிலும் மறு முனையைக் கித்தார்க் கம்பியிலும் வைத்து அளந்தோம். ஓர் ஓமுக்கும் குறைவு. பாதை திறந்திருந்தது. பழைய வயரை அவனிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. கத்தரியால் நறுக்கி, அடுத்த வாரம் படிவம் 5 வகுப்பில் காட்டினேன்.

சுவிட்சைப் போட்டோம். கத்தல் இல்லை, சுர்ரும் இல்லை. கையை எடுத்தாலும் வைத்தாலும் சின்ன வித்தியாசம்தான். மிச்சம் இருந்தது அந்த மெல்லிய ஜி சுருதி உறுமல். அதாவது, அவனுக்குப் பிடித்த பின் பிக்கப்பின் விலை.

ஆசிரியர் தினத்தன்று மண்டபத்து மேடையில் விளக்குகளும் டிம்மர்களும் இசை அறையைவிட அதிகம். ஒத்திகையில் உறுமல் மறுபடியும் எட்டிப் பார்த்திருக்கிறது. நான் பார்வையாளர் வரிசையில் இருந்தேன். மற்றவர்கள் எல்லாம் எங்களைப் பார்த்து நின்று வாசிக்க, அவன் மட்டும் இடப்பக்கச் சுவரைப் பார்த்தபடி, தோளைத் திருப்பி வைத்துக்கொண்டு நின்றான். ஊமைக் கோணத்தைத் தேடிப் பிடித்துவிட்டான் போலும். பாட்டு முடிந்து கை தட்டல் எழுந்தபோது, கம்பியிலிருந்து கையை எடுத்துக் கும்பிட்டான். பக்கத்தில் இருந்த ஆசிரியர் என் காதருகே குனிந்து, "நல்லாத்தான் வாசிக்கறான், ஆனா ஏன் இவ்வளவு ஸ்டைல்?" என்றார்.